அண்ணனுக்கு மட்டும்

மே 12, வெள்ளி

நார் கம்பெனி ஆடிட் இன்று தொடங்கியது. கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை நடத்துகிறவரை எம்.டி. என்று மட்டும் எழுதுவேன். இந்த டைரியை வேறு யாரும் படிப்பதில்லைதான். இருந்தாலும் கிளையன்ட் பெயரை அலுவலகத்துக்கு வெளியே எழுதுவதும் இல்லை, பேசுவதும் இல்லை என்று தொழிலுக்கு வந்தபோதே முடிவு செய்துகொண்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

கணக்கு அறையில் உட்காருவதற்கு முன்னால் களத்தை ஒரு சுற்று சுற்றி வருவது என் வழக்கம். தேங்காய் மட்டை மில்களில் நார் எடுத்தது போக மிஞ்சும் தூளை வாங்கி, உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஹாலந்துக்காரர்கள் அதில் தக்காளிச் செடி வளர்க்கிறார்கள். பொள்ளாச்சி வட்டாரத்தில் தூள் காயவைக்க மே மாதம்தான் நல்ல மாதம். அந்த மே மாதத்தில் இரண்டு பிரஸ் மெஷின்கள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன.

எம்.டி.யிடம் நேராகக் கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறைக்காமல் சொன்னார். சரக்கில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்த ஹாலந்து கம்பெனி போன மாதம் கைகழுவிவிட்டதாம். ஜூலைக்குப் பிறகு ஆர்டர் கிடையாது. அவர்களுக்கு வேறு நாட்டில் சொந்தமாகவே ஆலை வந்துவிட்டது.

"இது உங்களோட இருக்கட்டுங்க ஆடிட்டரம்மா" என்றார்.

"என்னோடதான் இருக்கும் சார். ஆனா ரிப்போர்ட்ல வரும்" என்றேன்.

சிரித்தார். டீ வந்தது. கேட்டதும் உண்மையைச் சொல்கிற முதலாளிகள் குறைவு. அந்த வகையில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

சாயங்காலம் எலுமிச்சம்பழம் நறுக்கி உப்பில் போட்டேன். காம்பு நீக்காமல் வாங்கி வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர் லோகு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவருக்கு எலுமிச்சை வாங்கத் தெரியவில்லை.

மே 14, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு. அண்ணி கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது.

சாப்பிடும்போது அண்ணன் விஷயத்தைச் சொன்னார். தென்னந்தோப்பில் வெள்ளை ஈ விழுந்து காய் பாதியாகிவிட்டது. வேர் வாடல் வேறு. மேற்குப் பக்கத்து மரங்களை வெட்டிவிட்டுச் சிமெண்ட் களம் போடப் போகிறாராம். கழுவுகிற தொட்டியும் கட்டி, தூளைக் காயவைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வதாக ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறதாம். அவரோடு சேர்த்து ஐந்து தோப்புக்காரர்களிடம் பேசியிருக்கிறார்கள். களம் போடும் செலவு தோப்புக்காரர்களுடையது. அண்ணன் தோப்புப் பத்திரத்தை பாங்கில் வைக்கப் போகிறார்.

கம்பெனி எது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"உன்ற கம்பெனிதான் அம்மிணி" என்றார் சந்தோஷமாக. "அதான் தைரியமா எறங்கறேன்."

அண்ணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். வெயில் காலத்தில் எனக்கு அவ்வளவு சாப்பிட முடிவதில்லை.

மே 15, திங்கள்

காலையில் முதல் வேலையாக பெனடிக்டிடம் சொன்னேன். நானும் அவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்து ஒன்றாக அலுவலகம் திறந்தவர்கள். அதிகம் பேசமாட்டார். கேட்டுவிட்டு, "அண்ணன் ஒப்பந்தம் போட்டாச்சா?" என்றார். இல்லை என்றேன். "போட்டா இந்த ஃபைல்ல நீங்க இருக்கக் கூடாது கோதை. போடறதுக்கு முன்னாலயே விலகிட்டா இன்னும் நல்லது" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியோடு அண்ணனுக்கு இன்னும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தக் கம்பெனியின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் நான். விவரம் பூராவையும் எழுதி வைத்துக்கொண்டு, நான் செய்கிற எல்லாவற்றையும் அவர் இன்னொரு முறை பார்ப்பது என்று முடிவாயிற்று. சரியான முடிவு.

லோகு சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கண்ணன் விஷயமா என்றார். ரசத்தில் உப்பு குறைவு என்றேன்.

மே 19, வெள்ளி

எம்.டி.யோடு உட்கார்ந்து பேசினேன். முக்கியமான வாடிக்கையாளர் போய்விட்டார், இந்த நிறுவனம் இதே அளவில் தொடர்ந்து நடக்குமா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று கணக்கோடு ஒரு குறிப்பு வர வேண்டும். அதை நிர்வாகம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாங்கள் எழுதுவோம்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத் தன் பக்கத்தைச் சொன்னார். ஜூலையில் பாங்க் கடனைப் புதுப்பிக்க வேண்டும். கொரியாவில் ஒருவரோடு பேச்சு நடக்கிறது, சாம்பிள் போயிருக்கிறது. இந்தக் குறிப்பை பாங்க் பார்த்தால் கடன் நின்றுவிடும். களத்தில் வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் அஸ்ஸாமிலிருந்து வந்திருக்கும் பெண்கள். அவர்களை எங்கே அனுப்புவது? மூன்று மாதம் பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நம்பித்தான் சொல்கிறார். ஏமாற்றுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கொரியா வரட்டும் சார். வந்தா அதையும் சேர்த்து எழுதிக்கலாம்" என்றேன். "வராம எழுத முடியாது."

"அந்தக் கையெழுத்து உங்களுதுங்க. கம்பெனி என்னுது" என்றார்.

"அதனாலதான் சார் ரெண்டு பேர் வேணும்னு வெச்சிருக்காங்க."

வெளியே வரும்போது, புதிய களத்துக்காக அவர் பேசியிருக்கும் ஐந்து பேரைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கே தெளிவாக இருக்க வேண்டும்.

மே 27, சனி

மாவு அரைத்தேன். திரைச்சீலை எல்லாம் கழற்றித் துவைத்தேன். நல்ல வெயில்.

ஜூன் 2, வெள்ளி

அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். பொதுவாக வரமாட்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒப்பந்தத்தில் அடுத்த வாரம் கையெழுத்து. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டுவிட்டால் நிம்மதி என்றார்.

"கம்பெனி நல்லாத்தான இருக்குது?"

"அண்ணா, நான் அவுங்க ஆடிட்டர். அதைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"வெளிய சொல்லப்போறனா? எங்காதுல மட்டும் சொல்லு."

"உன்ற காதுல கூட முடியாது. நல்லதுன்னும் சொல்லமாட்டேன், கெட்டதுன்னும் சொல்லமாட்டேன்."

யார் வந்து கேட்டாலும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். வேறு ஆடிட்டர் ஒருவரிடம் போய்க் காட்டு. கம்பெனி அரசாங்கத்தில் தாக்கல் செய்த பழைய கணக்கு யார் கேட்டாலும் கிடைக்கும், அதை வாங்கிப் பார். மரத்தைத் தொடுவதற்கு முன்னால் அவர்களிடம் அட்வான்ஸ் கேள். கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"நீயிருக்கறப்ப வேற ஆடிட்டரா? கெடுதல்னா கூடப்பொறந்தவ பாத்துட்டு இருப்பியா. சொல்லாததே போதும் அம்மிணி. எனக்கு வெளங்கிருச்சு."

"அப்படி எடுத்துக்காதண்ணா. நான் பேசாம இருக்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

சரி சரி என்று கையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியை எடுக்கும் முன் யாருக்கோ போன் பேசினார். முகம் மலர்ந்திருந்தது.

என் பங்கில் பிழையில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லவில்லை, சொல்ல முடிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, சனி

நார் கம்பெனி ஃபைலை பெனடிக்டிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி அவர்தான் பார்ப்பார், அவர்தான் கையெழுத்துப் போடுவார். நானே எடுத்த முடிவு. நேற்று அண்ணன் போன பிறகு எம்.டி.க்கு எழுதவேண்டிய குறிப்பை மறுபடி எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்தால் தேவைக்கு மேல் கடுமையாக இருந்தது. அந்தக் கடுமை கம்பெனிக்காக வந்ததா, அண்ணனுக்காக வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க முடியாதபோது அங்கே இருக்கக்கூடாது. பெனடிக்ட் மே மாதமே சொன்னதுதான். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. நல்ல மனிதர்.

ஃபைல்கள் போன பிறகு அலமாரித் தட்டு காலியாக இருந்தது. துடைத்தேன். மதியம் இன்னொரு முறை துடைத்தேன், ரோட்டு வேலை நடப்பதால் தூசி அதிகம்.

ஜூன் 5, திங்கள்

விலகும் காரணத்தைக் கிளையன்டிடம் நேரில் சொல்வது முறை. பெனடிக்டும் நானும் போனோம்.

களத்துக்காக நீங்கள் பேசியிருக்கிறவர்களில் ஒருவர் மயில்சாமி, அவர் என் கூடப்பிறந்த அண்ணன், அதனால் நான் விலகுகிறேன், அவரிடம் கம்பெனி விஷயம் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றேன். எம்.டி.க்கு உண்மையிலேயே ஆச்சரியம். எங்கள் இருவர் இனிஷியலும் வேறு என்பதால் தெரியாமல் போயிற்று என்றார்.

கடைசியாக ஒன்று மட்டும் சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டு சொன்னேன். அந்த ஐந்து பேரும் மரத்தை வெட்டுவதற்கு முன்னால் ஹாலந்து விஷயம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு இருக்கிறது.

அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கொரியா சரியாகிவிட்டால் இந்தக் களங்கள் உடனே வேண்டும். இப்போது பயமுறுத்திவிட்டால் ஒருவரும் திரும்ப வரமாட்டார்கள். அதுதான் அவர் கணக்கு. பிறகு தலை நிமிர்ந்தார்.

"ஒண்ணு பண்ணலாங்க. உங்கண்ணன் எடம் தோதுப்படலைன்னு நானே சொல்லி விட்டர்றேன். அண்ணனுக்கு மட்டும். உங்களுக்கும் சங்கடமில்ல, எனக்கும் இல்ல. மத்த நாலு பேரு போதும்."

இதை அவர் விலை பேசுகிற மாதிரி சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னார். பெனடிக்ட் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

"வேண்டாம் சார். அண்ணனை மட்டும் விட்டீங்கன்னா, அது எனக்கு நீங்க குடுத்ததாயிரும். சொன்னா அஞ்சு பேருக்கும் சொல்லுங்க. இல்லைன்னா எங்கண்ணனும் அதுல ஒருத்தரா இருக்கட்டும்."

திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது பெனடிக்ட், "தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 11, ஞாயிறு

மாசாணியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று தோன்றியது. லோகு வண்டி ஓட்டினார். திரும்பும்போது அண்ணன் தோப்பு வழியாக வரச் சொன்னேன். அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருக்கிறது.

மேற்குப் பக்க மரங்களுக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார்கள். அண்ணன் இல்லை, பாங்க் கடன் விஷயமாக யாரையோ பார்க்க ஊருக்குள் போயிருந்தார். அண்ணி இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஆட்கள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள் என்றார். அந்த மேற்குப் பக்கக் கன்றுகளை நட்டது அவர் கல்யாணமாகி வந்த வருஷமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமில்லை. களம் வந்தால் கடன் தீரும் என்ற எண்ணம்தான் இருந்தது.

இளநீர் நன்றாக இருந்தது. நோய் விழுந்த மரத்துக் காய் என்று சொல்லவே முடியாது.

ஜூன் 13, செவ்வாய்

பாலக்காட்டுப் பக்கமிருந்து மழை இறங்கிவிட்டது. விடியும்போதே பிடித்துக்கொண்டது. மரம் ஏற முடியாது என்று ஆட்கள் வரவில்லையாம். அண்ணி வேறு எதற்கோ போன் செய்தவர் பேச்சோடு சொன்னார்.

அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். காகிதமெல்லாம் நமுத்துவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 15, வியாழன்

மழை விட்டது. மரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று லோகு பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டு வந்தார்.

இன்று வேலை அதிகம். ஒரு தவறு கூட இல்லாமல் முடித்தேன்.

ஜூன் 16, வெள்ளி

மதியம் அண்ணி போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் களத்துக்கு அளவு எடுக்க எம்.டி.யே வந்திருக்கிறார். வரப்போரமாக வெட்டின மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்திருக்கின்றன. அண்ணன் ஆட்களோடு நின்று அடுத்த மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எம்.டி. காரை விட்டு இறங்கி, கிடந்த மரங்களின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாராம். அளவு டேப்பை எடுக்கவேயில்லையாம். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, கயித்த அவுத்துருங்க என்று சொல்லியிருக்கிறார். மற்ற நான்கு பேருக்கும் அங்கிருந்தே போன் போட்டு வரச்சொல்லி, ஐந்து பேரையும் தொட்டிக்காகத் தோண்டின குழி பக்கத்தில் நிற்க வைத்து, ஹாலந்து விஷயம் பூராவும் சொல்லிவிட்டார். கொரியா வந்தால் நானே வந்து கூப்பிடுகிறேன், அதுவரை யாரும் ஒரு மரத்தைத் தொடவேண்டாம், பத்திரத்தை பாங்கில் வைக்க வேண்டாம் என்றாராம். வெட்டின மரங்களுக்கு ஈடு கொடுப்பதாகவும் சொன்னாராம்.

ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குறிப்பை நிர்வாகமே எழுத வேண்டும் என்று பெனடிக்ட் அனுப்பிய கடிதம் நேற்று அவர் கைக்குப் போயிருக்கும். அதனால் இருக்கலாம். கிடந்த மரங்களைப் பார்த்ததால் இருக்கலாம். அவரிடம் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அண்ணி பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "உனக்கு முன்னாலயே தெரியுமா கண்ணு?" என்றார்.

"தெரியுங்க அண்ணி" என்றேன்.

பின்னால் யாரோ மாட்டை ஓட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் போனை வைத்துவிட்டார்.

ஜூன் 18, ஞாயிறு

அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, கேட்டுக்கு உள்ளே முருங்கை மரத்தடியில் நின்றார். லோகு நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

"ஊரான் ஊட்டு ஆளு காரை விட்டு எறங்கி வந்து சொல்றான். அவனுக்கு என்ன தலையெழுத்து? நீ எங்கூடப் பொறந்தவ. நாற்காலியில உக்காந்துட்டு, சொல்ல முடியாதுங்கற."

"ஆமாண்ணா."

"உன்ற அண்ணி நட்ட மரம்டி அது."

"தெரியும்."

"தெரியும் தெரியும்ங்கற. எல்லாந்தான் உனக்குத் தெரிஞ்சிருக்குது."

சத்தம் போடவில்லை அவர். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எம்.டி. என்னிடம் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லியிருந்தால் இவர் ஒருவேளை இன்னும் கோபப்பட்டிருப்பார், அல்லது அழுதிருப்பார். ஆனால் அந்தப் பேச்சும் கிளையன்ட் அறைக்குள் நடந்த பேச்சுதான். சொல்லவில்லை.

போகும்போது லோகுவிடம் மட்டும் வர்றனுங்க மாப்ள என்றார்.

வெயில் நன்றாக இருந்ததால் எலுமிச்சை ஊறுகாயை மாடியில் வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன். பரவாயில்லை, இன்னொரு நாள் வெயில் அதற்கு நல்லதுதான்.

ஜூலை 20, வியாழன்

நார் கம்பெனி கணக்கில் பெனடிக்ட் போன மாதக் கடைசியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். நிர்வாகமே குறிப்பை எழுதிவிட்டது. தெளிவாக, மறைக்காமல். பெனடிக்ட் அதைக் குறிப்பிட்டுத் தன் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். கம்பெனி அதை வெளியிட்ட பிறகுதான் நான் படித்தேன். நான் எழுதியிருந்தால் இரண்டு வரி அதிகமாக இருந்திருக்கும். அவருடையதுதான் சரி.

பாங்க் கடனை நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்துவிட்டது. களம் ஒன்றை மூடிவிட்டார்கள்.

மதியம் கோயமுத்தூர் போக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். அஸ்ஸாம் பெண்கள் ஒரு கூட்டமாகப் பைகளோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தெரியும் அவர்களுக்கு. களத்தைச் சுற்றி வரும்போது பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி எழுந்து வந்து, ஊருக்குப் போறோம் அக்கா என்றாள். இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழ். வேலை போனது ஆர்டர் நின்றதால், நாங்கள் எழுதினதால் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் ரயில் கிளம்பும் வரை அங்கேயே நின்றேன். என் ரயில் அதற்கு முன்பே போய்விட்டது. பஸ்ஸில் போனேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. வழக்கமாக அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வரும். இந்த வருஷம் எனக்கும் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

அடுத்த வருஷத்திலிருந்து நார் கம்பெனி வேறு ஆடிட்டரைப் பார்க்கிறது என்று பெனடிக்ட் சொன்னார். எம்.டி. நேரில் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாராம். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய கிளையன்ட். அலுவலகத்தில் ஒருவரையும் குறைக்காமல் சமாளிக்க வழி பேசினோம். மாடி அறையைக் காலி செய்கிறோம். எங்கள் இருவர் சம்பளமும் குறையும். தன் மனைவி தையல் மெஷின் வாங்கப்போகிறாள் என்றார் பெனடிக்ட், சிரித்துக்கொண்டே.

எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஆடிட்டரிடமிருந்து, இவர்களிடம் பொறுப்பேற்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு முறைப்படி கடிதம் வந்தது. இல்லை என்று பெனடிக்ட் எழுதினார்.

செப்டம்பர் 22, வெள்ளி

மாதக் கடைசிக்குள் தாக்கல் செய்ய வேண்டியவை மேசை முழுக்கக் கிடந்தன. தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தால் அண்ணன். கையில் ஒரு கட்டைப் பை.

உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை நாற்காலியின் நுனியில் அல்ல. இளைத்திருந்தார். அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வெட்டின இடத்தில் ஜாதிக்காய்க் கன்று வைத்திருப்பதாகச் சொன்னார்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஒரு கல்யாணத்துல அவரைப் பாத்தேன். உன்ற எம்.டி.ய. என்னைய மட்டும் விட்டர்றேன்னாராம். நீ வேண்டாம்னியாமா."

மேசை மேல் கிடந்த காகிதக் கிளிப் ஒன்றை எடுத்தேன்.

"அவரே சொன்னாரு. இதையும் நீ சொல்லமாட்ட, தெரியும்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்த நாலு பேர்ல நம்ம பொன்னுராசும் ஒருத்தன். அவனுக்கு இருக்கறதே அந்தத் தோப்பு ஒண்ணுதான். என்னைய மட்டும் விட்டிருந்தா அவன் வெட்டிப்போட்டு உக்காந்திருப்பான். அவன் மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன்."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவரு அன்னைக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

இந்தக் கேள்வியை ஜூன் மாதத்திலிருந்து நான் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியும். அதை அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டிய நிலைதான் இதுவரை வரவில்லை.

"நீ எல்லா மரத்தையும் வெட்டியிருப்ப. நான் பாத்துட்டுத்தான் இருந்திருப்பேன்."

அவர் என்னையே பார்த்தார். கண்ணை நான் தாழ்த்தவில்லை. ஆனால் மேசை மேல் இருந்த என் கை கிளிப்பை வளைத்து வளைத்து உடைத்துவிட்டிருந்தது. அதை அவர் பார்த்தார். பிறகு குனிந்து பையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"என்னோட கணக்குப் பூராவும் இதுல இருக்குது. இத்தன வருசமா உடுமலை ஆடிட்டர்கிட்டதான் குடுத்துட்டு இருந்தேன். உங்கிட்ட குடுத்தா ஊட்டுல பேச்சோட பேச்சா அண்ணிகிட்ட வாய விட்டிருவியோன்னு பயம். சில கடனெல்லாம் அவளுக்குத் தெரியாது. இனிமே நீயே பாரு. உங்கிட்ட குடுத்தா கெணத்துல போட்ட கல்லு மாதிரி."

பையைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறார். ஒரு தடவையாவது சரி என்று சொல்லியிருக்கலாம்.

"அண்ணா, என்னால முடியாது."

"ஏன்?"

"நீ எங்கூடப் பொறந்தவன். உன்ற கணக்குல நான் கையெழுத்துப் போடக் கூடாது. பெனடிக்டும் கூடாது, ஒரே ஆபீஸ். உடுமலைக்காரர்கிட்டயே குடு."

அவருடைய வாய் திறந்தபடி நின்றது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். தோள்தான் முதலில் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து பெனடிக்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து மறுபடி மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அண்ணிகிட்ட அந்தக் கடனை நீயே சொல்லிரு" என்றேன். "யாரோ சொல்லித் தெரிஞ்சா கஷ்டம்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "உங்க ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

லோகுவுக்குப் போன் செய்து இன்னும் ஒரு டம்ளர் அரிசி சேர்த்துப் போடச் சொன்னேன்.